அறிவிப்பாளர் குரலை வெட்டாதீர்கள்: ஜான் மெக்கார்மக்கின் வானொலிப் பதிவுகளைத் தேடுவோருக்கு

அயர்லாந்துப் பாடகர் ஜான் மெக்கார்மக்கின் இசைத்தட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் சில மாதங்களில் ஒரு கேள்வியுடன் வந்து நிற்பார்கள்: இவர் வானொலியில் பாடியது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? மிஞ்சியிருக்கிறது. ஆனால் அது கடையில் ஒரே பெட்டியாக வாங்கக்கூடிய பொருள் அல்ல. ஆவணக் காப்பகங்களிலும் தனிச் சேகரிப்புகளிலும் இணையத்திலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தவறான தேதியோடும் தவறான வேகத்தோடும் கிடைப்பது உண்டு. சில சமயம் அது வானொலிப் பதிவாகவே இருக்காது. பல ஆண்டுகளாக இந்தக் குரலைத் தேடிக் கேட்டதில் நான் கற்றுக்கொண்டதை, புதிதாக வருகிறவர் படிப்படியாகப் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

மெக்கார்மக் 1884-இல் அயர்லாந்தின் நடுவே உள்ள அத்லோன் ஊரில் பிறந்தார். 1903-இல் டப்ளினில் நடந்த ஃபெஷ் கியோல் இசைப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்று, மிலானில் பயிற்சி பெற்று, 1907-இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா மேடை ஏறினார். 1945-இல் டப்ளினை ஒட்டிய பூட்டர்ஸ்டவுனில் காலமானார். அதாவது, மெழுகு உருளையில் பாடத் தொடங்கி, மின்சாரமின்றி ஒலியைத் திரட்டித் தட்டில் பதித்த புனல் முன் நின்று பாடி, பிறகு மைக் முன் பாடி, வானொலி வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் வரை வாழ்ந்த குரல் அது.

முதல் படி: இசைத்தட்டுக் குரலைப் பழகிக்கொள்ளுங்கள்

நேராக வானொலிப் பதிவுக்குப் போகாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே வரும் ஒரு குரலை அடையாளம் காண வேண்டுமென்றால், அதே குரலை இரைச்சல் குறைவாகப் பலமுறை கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதமாவது இதற்குக் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது? 1916-இல் அவர் விக்டர் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதித்த மொத்சார்ட்டின் ‘இல் மியோ தெசோரோ’வில் தொடங்குங்கள். அதன் நடுவில் ஒரு நீண்ட ஓட்டம் வரும். நம் பாடகர் ஒருவர் ஒரே மூச்சில் நீளமான பிருகாவைப் பிடித்து இறக்கி வைத்தால் சபையில் எழும் வியப்பு, அந்த இடத்தைக் கேட்கும்போது தானாக எழும். அடுத்து ‘ஐ ஹியர் யூ காலிங் மீ’. இந்தப் பாட்டைப் புனல் காலத்திலும் மின்வழிப் பதிவுக் காலத்திலும் அவர் திரும்பத் திரும்பப் பதித்திருக்கிறார். அவற்றை அடுத்தடுத்துக் கேட்டால், குரல் வயதோடு எப்படி மாறியது, எது மாறவே இல்லை என்பது காதில் பதியும். மாறாதவை இரண்டு: ஒவ்வொரு சொல்லையும் பிசிறில்லாமல் உச்சரிக்கும் அயர்லாந்து நாக்கு, மேல் ஸ்தாயியில் குரலை நூலாக மெலிய வைத்தும் அறுந்துபோகாமல் நிறுத்துகிற திறம்.

அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் நேஷனல் ஜூக்பாக்ஸ் இணையதளத்தில் புனல் கால விக்டர் பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் பட்டியலில், எந்தப் பாட்டு எந்த நாளில், எந்தத் துணைக் கருவியோடு பதிவானது என்ற விவரம் இருக்கும். பின்னால் வரும் படிகளில் அந்தப் பட்டியல்தான் உங்கள் உரைகல். காசு கொடுத்து வாங்க விரும்பினால், வார்ட் மார்ஸ்டன் மறுபதிவு செய்து நாக்சோஸ் வெளியிட்ட மெக்கார்மக் வரிசை நல்ல தேர்வு. வேகத்தில் அவருக்கு இருக்கும் கவனம் அபாரமானது. பிரிட்டனில் மெக்கார்மக் தட்டுகளில் பல, நம் தாத்தா பாட்டி வீடுகளில் இருந்த அதே எச்.எம்.வி. நாய்ச் சின்னத்தோடு வந்தவை. பழைய தட்டு சேர்ப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: ஒரு காலக்கோடு எழுதிவையுங்கள்

ஒரு தாளில் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பின்னால் ஒரு பதிவைத் தேதியிட உதவும்.

1925 ஜனவரி 1. நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தில் சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடகி லுக்ரீசியா போரியோடு மெக்கார்மக் பாடினார். விக்டர் நிறுவனம் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. பெரிய பாடகர்கள் வானொலிக்கு வரத் தயங்கிய காலம் என்பதால் அமெரிக்க வானொலி வரலாற்றில் அந்த இரவுக்குத் தனி இடம் உண்டு. இர்விங் பெர்லினின் ‘ஆல் அலோன்’ பாட்டை அவர் பாடியதும் அன்றுதான். சரியாக ஓராண்டு கழித்து, 1926 ஜனவரி 1-இல், டப்ளினில் 2ஆர்.என். என்ற அயர்லாந்தின் முதல் அரசு வானொலி நிலையம் தொடங்கியது.

1928. போப்பாண்டவர் அவருக்குக் கவுன்ட் பட்டம் அளித்தார். அறிவிப்பாளர் ‘கவுன்ட் ஜான் மெக்கார்மக்’ என்று சொன்னால் பதிவு அதற்குப் பிந்தியது. சொல்லாவிட்டால் முந்தியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1932 ஜூன். டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் கத்தோலிக்கர்களின் நற்கருணை மாநாட்டின் நிறைவுத் திருப்பலியில் ‘பானிஸ் அஞ்செலிகஸ்’ என்ற லத்தீன் பக்திப் பாடலைப் பாடினார். பெருங்கூட்டம் கூடியிருந்தது, வானொலியிலும் ஒலிபரப்பானது. இங்கே ஒரு சேதி, எனக்கு மிகப் பிடித்தது. அந்த மாநாட்டுக்காக அவசரமாக இயக்கப்பட்ட உயர்திறன் அலைபரப்பி அமைந்திருந்த இடம் அத்லோன், அவர் பிறந்த அதே ஊர். பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பிய வானொலிப் பெட்டிகளின் முகப்பில் லண்டன், பாரிஸ் பெயர்களோடு அத்லோனின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தது.

1933–34. அமெரிக்காவின் என்.பி.சி. வலைப்பின்னலில் வாராந்தர நிகழ்ச்சி. வின்ஸ் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தின் கம்பெனி அதற்கு விளம்பரதாரர். பாட்டுகளுக்கு நடுவே பல் சுத்தம் பற்றிய பேச்சு வந்தால் முகம் சுளிக்காதீர்கள்; அதுவே ஒரு தேதி முத்திரை.

1938 நவம்பர் 27. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெறும் கச்சேரி. ஆனால் போர் வந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகவும் பி.பி.சி.க்காகவும் மறுபடி பாடினார். 1942-இல் கடைசி ஸ்டுடியோப் பதிவுகள். போர்க்கால ஒலிபரப்புகளில் மூச்சு குறுகியிருக்கும், பாட்டுகளின் சுருதி இறங்கியிருக்கும். சொல்லின் தெளிவு மட்டும் குறைந்திருக்காது.

மூன்றாம் படி: ஒலிபரப்பு எப்படிப் பதிவாகி நின்றது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1930-களில் அமெரிக்க வலைப்பின்னல்கள் நேரடி நிகழ்ச்சியையே ஒலிபரப்பின. பதிவு செய்ததை ஒலிபரப்புவதை அவை விரும்பவில்லை. எனவே பாடியது காற்றோடு போகும். யாராவது ஒரு காரணத்துக்காகத் தனியே பதிந்திருந்தால்தான் இன்று நம் கையில் இருக்கும். விளம்பரதாரருக்குக் காட்ட, பாடகர் தன் குரலைத் தானே கேட்டுப் பார்க்க, நிலையத்தின் கோப்புக்கு என்று அந்தக் காரணங்கள் பலவகை.

தொடக்கத்தில் வெறும் அலுமினியத் தட்டில் கீறிப் பதித்தார்கள். 1930-களின் நடுவிலிருந்து, அலுமினியத்தின் மேல் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசிய தட்டு வந்தது. நிலையங்களில் பதிந்தவை பெரும்பாலும் 16 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் பதினைந்து நிமிடம். போர்க்காலத்தில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட்டதால் கண்ணாடியின் மேல் லாக்கர் பூசினார்கள். பிரிட்டனில் பி.பி.சி. எஃகு நாடாவையும் பயன்படுத்தியது. அது விலை அதிகம் என்பதால் அழித்து அழித்து மறுபடி பதிந்தார்கள். இழந்தவற்றில் கணிசமானவை அப்படிப் போனவை. வீட்டிலேயே பதிந்தவர்களும் உண்டு. ஆர்.சி.ஏ. விக்டர் 1930-லேயே வீட்டுப் பதிவு வசதியுள்ள வானொலிப் பெட்டியை விற்றது. அப்படிப் பதிந்த தட்டு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்டு மாற்றும் நேரத்தில் பாட்டு ஓடிவிடும். முதல் வரி இல்லாமல் தொடங்குகிற, சரணத்தில் திடீரென்று அறுந்துபோகிற பதிவு கிடைத்தால் அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். அது உண்மையில் காற்றிலிருந்து பிடித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். அதற்காக ஒரே நிகழ்ச்சியை ஒரே இரவில் இரண்டு முறை நேரடியாக நடத்துவது அன்றைய வழக்கம். ஆகவே ஒரே தேதியிட்ட இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், ஒன்று போலி என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் படி: வேகத்தைச் சரிபாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். குரலும் மாறிவிடும்: மூக்கடைப்பு ஏறும், அசைவு படபடக்கும், ஐம்பது வயதுப் பாடகர் முப்பது வயது போலத் தெரிவார். மெதுவாகச் சுழன்றால் களைத்த கிழவராகத் தெரிவார். ‘கடைசிக் காலத்தில் குரல் போய்விட்டது’ என்று ஒரு பதிவைப் பற்றி எழுதியிருந்ததை நம்பி, அதை மாதக்கணக்கில் நான் கேட்காமலே இருந்தேன். ஒருநாள் வேகத்தைச் சரிசெய்து கேட்டபோது, அங்கே பாடிக்கொண்டிருந்தவர் நல்ல தெம்போடு இருந்த மெக்கார்மக்.

அச்சிட்ட சுரத்தாளைப் பார்த்து, பாட்டின் மூலச் சுருதிக்கு ஏற்ப வேகத்தைத் திருத்தாதீர்கள். வயது ஏற ஏற அவர் பாட்டுகளைத் தாழ்ந்த சுருதியில் பாடினார். துணைக்கு வாசித்தவரும் பியானோவில் இறக்கியே வாசித்தார். மூலச் சுருதிக்கு ஏற்றினால் இல்லாத இளமையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

அப்படியானால் எதை வைத்துத் திருத்துவது? பாட்டுக்கு வெளியே இருப்பதை வைத்து. என்.பி.சி. நிகழ்ச்சியின் முடிவில் மூன்று மணியோசை ஒலிக்கும். ஷட்ஜத்தை 262 ஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டால், கீழ்ப் பஞ்சமம், காந்தாரம், ஷட்ஜம் என்ற வரிசை அது: 196, 330, 262. 1930-களின் தொடக்கத்தில் இந்த மணியை இயந்திரமே இசைக்கத் தொடங்கியதால் சுருதி பிறழாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, மணியோசைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதிர்வெண் வரைபடம் பாருங்கள். நடு மணி 330-க்குப் பதில் 311 என்று காட்டினால், முழுக் கோப்பும் அரைச் சுரம் தாழ்ந்து ஓடுகிறது என்று பொருள். பி.பி.சி. பதிவில் நேரம் அறிவிக்கும் பீப் ஒலி இருந்தால் அது ஆயிரம் ஹெர்ட்ஸ், அதே கணக்குதான்.

மணியும் பீப்பும் இல்லாவிட்டால் மின்சார முனகலைத் தேடுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அயர்லாந்திலும் பிரிட்டனிலும் 50. பதிவு இயந்திரத்தில் கசிந்த அந்த முனகல் 60-இலும் அதன் இரட்டிப்பான 120-இலும் மெல்லிய கோடாகத் தெரியும். 120-இல் இருக்க வேண்டிய கோடு 116-இல் இருந்தால், வேகத்தை மூன்றரை சதவீதம் போலக் கூட்ட வேண்டும். பின்னாளில் நாடாவுக்கு நகல் எடுத்தபோதும் முனகல் சேர்ந்திருக்கலாம். அதனால் இரண்டு கோடுகள் தெரிந்தால், துல்லியமாக 50-இலோ 60-இலோ நிற்பது நகலெடுத்த இயந்திரத்தினுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விலகி நிற்பதுதான் பழைய தட்டின் கோடு. அதை நம்புங்கள்.

தலைப்பில் நான் சொன்ன வேண்டுகோளின் காரணம் இப்போது புரிந்திருக்கும். பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அறிவிப்பு, விளம்பரம், கைத்தட்டல், மணியோசை எல்லாவற்றையும் ‘தூய்மைப்படுத்தி’ வெட்டியெறிந்த கோப்புகள் ஏராளம். வெட்டியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் தேதியைச் சொல்லும் குரலும் வேகத்தைச் சொல்லும் மணியும் அந்தத் துண்டுகளோடு போய்விட்டன. முழு நிகழ்ச்சியும் வெட்டிய பாட்டும் கிடைத்தால், இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் முழு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இசைத்தட்டையே வானொலி என்று ஏமாறாமல் பாருங்கள்

இசைத்தட்டுப் பதிவைப் பழைய வானொலி ஒலிபரப்பு என்று பெயரிட்டு வைத்திருப்பதை அடிக்கடிப் பார்க்கலாம். இதைப் பிடிப்பது எளிது. நீங்கள் சந்தேகப்படும் கோப்பையும், அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவையும் ஆடாசிட்டியில் மேலும் கீழுமாக வைத்து, தொடக்கச் சுரத்தை ஒன்றாகப் பொருத்துங்கள். கடைசிவரை மூச்செடுக்கும் இடங்கள் நொடி பிசகாமல் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றே. எந்த மனிதரும் ஒரு பாட்டை இரண்டு முறை அப்படி அச்சாகப் பாட முடியாது.

ஃபீனிக்ஸ் பூங்காவில் பாடிய ‘பானிஸ் அஞ்செலிகஸ்’ என்ற பெயரில் எதைக் கேட்டாலும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஏனெனில் அந்தப் பாட்டை அவர் ஸ்டுடியோவிலும் பதித்திருக்கிறார். திறந்த வெளியில் பாடியதென்றால் குரலைச் சுற்றி வெளி இருக்கும். ஒலிபெருக்கியில் போய்த் திரும்பும் ஓசை இருக்கும். ஸ்டுடியோப் பதிவில் குரல் நான்கு சுவருக்குள் நெருங்கி நிற்கும்.

நீளமும் ஒரு தடயம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், பன்னிரண்டு அங்குலம் நான்கரை நிமிடம் போல. அதைத் தாண்டி ஓடும் பாட்டு தட்டுக்காகப் பாடியதாக இருக்க முடியாது. திரைப்பட ஒலித்தடத்தையும் மறந்துவிடக் கூடாது. 1930-இல் வந்த ‘சாங் ஓ மை ஹார்ட்’ படத்தில் அவருடைய நெடுநாள் பியானோத் துணை எட்வின் ஷ்னைடரோடு மெக்கார்மக் பாடும் கச்சேரிக் காட்சி இருக்கிறது. அதிலிருந்து ஒலியை மட்டும் உருவினால் வானொலிக் கச்சேரி போலவே கேட்கும். படத்தைப் பார்த்துவிடுங்கள், அவர் கையில் சிறு குறிப்பேட்டோடு அசையாமல் நின்று பாடும் விதத்தையும் காணலாம்.

ஆறாம் படி: எங்கே தேடுவது

முதலில் நிகழ்ச்சி நடந்ததா என்று தேடுங்கள், பிறகு பதிவைத் தேடுங்கள். பி.பி.சி.யின் ஜீனோம் தளத்தில் 1923 முதலான ‘ரேடியோ டைம்ஸ்’ நிகழ்ச்சிப் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்க வானொலிப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. கோப்பில் எழுதியிருக்கும் தேதியில் அந்த நிகழ்ச்சி பட்டியலில் இல்லையென்றால், தேதியை ஐயத்தோடு பாருங்கள். கிழமை பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வாராந்தர நிகழ்ச்சிகளுக்குக் கிழமைதான் முகவரி.

பதிவுகளுக்கு: என்.பி.சி.யின் பல்லாயிரக்கணக்கான லாக்கர் தட்டுகள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக் காப்பகம், அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் ஆவணக் காப்பகம் ஆகியவையும் முக்கியமானவை. இவற்றுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ‘மெக்கார்மக் பதிவுகள் உண்டா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தேதி, நிலையம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். தட்டுகள் பாடகர் பெயரில் அல்ல, நிகழ்ச்சியின் பெயரிலும் தேதியிலும்தான் அடுக்கப்பட்டிருக்கும்.

உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான இசைத்தட்டுகளுக்கு நூறாண்டுக் காப்பு. வெளியிடப்படாத பழைய பதிவுகளுக்கு 2067 வரை காப்பு உண்டு. காப்பகம் கேட்பதற்கு மட்டும் அனுமதித்தால் அதை மதியுங்கள்.

ஏழாம் படி: தட்டே கைக்கு வந்தால்

பழம்பொருள் விற்பவரிடமோ ஏலத்திலோ ஒரு தட்டு கிடைக்கலாம். நடுத்துளையின் ஓரத்தில் உலோகம் பளிச்சிட்டால், அல்லது நடுத்துளைக்குப் பக்கத்தில் கூடுதல் துளைகள் இருந்தால், அது லாக்கர் தட்டாக இருக்கக்கூடும். முழுவதும் வெள்ளி நிறமாக இருந்தால் அலுமினியம். இரண்டையும் கிராமபோனில் வைக்கவே கூடாது. எஃகு முள் ஒரே ஓட்டத்தில் குரலைச் சுரண்டி எடுத்துவிடும். ஆல்கஹால் கலந்த எதையும் தடவக் கூடாது, லாக்கர் கரையும். மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் நீங்களே துடைக்க முயலாதீர்கள். பூச்சு உரியத் தொடங்கிய தட்டு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் ஓடும், அந்த ஒரு முறை அனுபவமுள்ள கையில் நடக்கட்டும். கண்ணாடித் தட்டை இரு கைகளாலும் விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். எல்லாத் தட்டுகளையும் செங்குத்தாக, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிறுத்துங்கள்.

தட்டை எடுத்துச் செல்லும் முன், காகித உறையையும் நடுச்சீட்டையும் இரு பக்கமும் படம் எடுங்கள். பென்சிலில் எழுதியிருக்கும் கிறுக்கல் உட்பட எதையும் விடாதீர்கள். எண்மக் கோப்பு கைக்கு வந்ததும் இரண்டு நகல் வையுங்கள்: ஒன்று தட்டிலிருந்து வந்தபடியே, எதையும் தொடாமல், மற்றொன்று வேகம் திருத்தியது. எத்தனை சதவீதம் திருத்தினீர்கள், மணியை வைத்தா முனகலை வைத்தா என்பதைக் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள். அறிவிப்பாளர் பேசும் சொற்களைக் கேட்டு, கேட்டபடியே எழுத்தில் பெயர்த்து, அதையும் உடன் இணையுங்கள்.